அப்பாவின் அரை மணித்தியாலம்

என் அப்பா கிறகோரிக்கு எழுபத்து நான்கு வயது. பிடிவாதத்துக்கு அதைவிடக் கூட. குடலிறக்கம் முற்றிய பிறகுதான் வாயைத் திறந்தார். இயக்கத்தின் பிடியில் வன்னிக்குள் இருந்த முள்ளியவளையிலிருந்து வெளியேறப் பாஸ் எடுத்து, அரசாங்கப் பக்கத்து வவுனியாவில் ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் எனக்குச் சீவன் போய்விட்டது.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் தங்கமான மனுசி.

"வயசானவர். முழுசா மயக்கினால் பிறகு மூளை குழம்பக்கூடும். இடுப்புக்குக் கீழ மட்டும் விறைக்கப்பண்ணுவம். நித்திரை ஊசியும் வேண்டாம். கண்ணாடி, மணிக்கூடு அவரிட்டையே இருக்கட்டும். பக்கத்தில இருந்து கதையுங்கோ."

ஒப்பரேசன் அப்படியே நடந்தது. அப்பா தெளிவாகத்தான் இருந்தார்.

பின்னேரம் நேர்ஸ் ஞானேஸ்வரி வந்தா. மூளை தெளிவோ என்று பார்க்கப் பெயர் கேட்டா, ஊர் கேட்டா. எல்லாம் சரி.

"இப்ப என்ன நேரம் ஐயா?"

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். "ஐஞ்சு மணி."

சுவரில் ஐந்தரை. நேர்ஸ் அட்டையில் 'குழப்பம்' என்று எழுதினா.

கொழும்பு நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்கு மாற்றி இரண்டு வருடம். வன்னிக்குள் நாங்கள் மாற்றவில்லை. இதை நான் சொல்ல வாயெடுக்க, அப்பா குறுக்கே விழுந்தார்.

"என்ர நேரம் பிழையோ? சூரியனைக் கேளுங்கோ!"

அந்தச் சத்தத்தில் என் பேச்சு யாருக்குக் கேட்கும்?

"ஆளும் கொதிக்கிறார். காலமையும் இப்பிடியெண்டால் நித்திரை ஊசிதான்," என்று நேர்ஸ் போய்விட்டா.

எந்த ஊசி ஆகாதென்று டொக்டர் சொன்னாவோ, அதே ஊசி!

"அப்பா, அரை மணித்தியாலம் கூட்டிச் சொன்னால் கிரீடம் விழுந்திடுமோ?"

"ஏலாது."

நாசமாய்ப் போன பிடிவாதம்! அவர் கண்ணயர்ந்ததும் மணிக்கூட்டை நானே அரை மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பிவிட்டேன்.

காலையில் டொக்டரும் நேர்ஸும் வந்தார்கள். நேரம் கேட்டார்கள்.

"ஏழரை," என்றார் அப்பா.

சரி. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அப்பா யன்னல் வெயிலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடி வெயிலைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. என் கையைப் பிடித்தார்.

"யூலிற்றா, இந்த வெயிலுக்கு ஏழுதான் வரும். நாப்பது வருசம் கடலிலை எனக்கு வெயில் பிழைச்சதில்லை. மறைக்காமச் சொல்லு பிள்ளை, எனக்கு மூளை குழம்பிட்டுதோ?"

அவர் பயந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இல்லையப்பா! நான்தான் திருப்பினனான்! வன்னி நேரத்தை நான்தான் இவையின்ர நேரமாக்கினனான்!"

அப்பா என்னையே பார்த்தார். பிறகு தொடங்கினார்.

"எடி மூதேவி! சின்னனிலை என்ர வலையை வெட்டினாய். போன மாரிக்குச் சைக்கிளைத் துலைச்சாய். இப்ப என்ர மூளையிலையும் கைவைச்சிட்டியோ?"

"ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையை வாங்கி, நேற்று எழுதியதை வெட்டினா.

"ஏசுங்கோ அப்பா," என்றேன் அழுதுகொண்டே. "நிப்பாட்டாதேங்கோ."