சுவாதி அக்கா தட்டினார்

தற்காப்புக் கலை மேல் ஆசைப்பட்டு நான் பிள்ளைப்பாக்கத்து ஜுஜுட்சு வகுப்புக்குப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சுவாதி அக்கா கூப்பிட்டார், போனேன். கார் சீட் செய்யும் எங்கள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் அவர். மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் கிடக்கும் ஒன்பது பேரில் இரண்டு பேரைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள். திங்கட்கிழமை பெயர் எழுதிக் கொடுக்கப்போவது அவர். என் பெயர் இல்லையென்றால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டியதுதான். அங்கே மாமா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு போன் மேல் போன் போடுகிறார். ஜுஜுட்சு என்ன, சுவாதி அக்கா கிணற்றில் குதிக்கக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மெத்தை விரித்திருந்தார்கள். சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மாஸ்டர் எழிலரசன் புதியவர்களை வரிசையில் நிறுத்தினார்.

"தோடு, கொலுசு, மோதிரம் எல்லாம் கழட்டிடுங்க. வயிறு முட்ட துன்னுட்டு வராதீங்க. போட்ட துணிய தொவைக்காம மறுபடி போட்டுகினு வராதீங்க, கூட உருள்றவங்க பாவம்."

பிறகு என் கையைப் பார்த்தார். "இன்னாம்மா இது, நகமா கத்தியா? போய் வெட்டிட்டு வா."

கை கழுவும் இடத்தில் நின்று, என் அறைத்தோழி பேச்சியின் மழுங்கிய நகவெட்டியால் பத்து நகத்தையும் கடித்துத் துப்பாத குறையாக வெட்டினேன். அந்த நேரம் பார்த்தா அந்த மனுஷர் முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும்? வலித்தாலோ மூச்சு முட்டினாலோ எதிராளியைத் தட்ட வேண்டுமாம். தட்டியவுடன் எதிராளி விட்டுவிட வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

எனக்குத் தெரிந்த தட்டு வேறு. கார் சீட்டுக்கு அடியில் போல்ட் முடுக்குவது என் வேலை. மெஷின் சத்தத்தில், காதில் அடைப்பானோடு, யார் பேசினாலும் கேட்காது. அதனால் சுவாதி அக்கா பின்னால் வந்து தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். இன்னும் இறுக்கு என்று அர்த்தம்.

அன்று அவரே எனக்கு ஜோடி. "வா செல்வி, நீ என்னப் புடி. பயப்படாத," என்று படுத்துக்கொண்டார்.

மாஸ்டர் காட்டியபடி கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, நெஞ்சின் மேல் சாய்ந்தேன். தோளில் இரண்டு தட்டு விழுந்தது. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று இறுக்கினேன். மறுபடி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட இந்த அம்மாவுக்குத் திருப்தி கிடையாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். தட்டு இப்போது கல்யாண மேளம் போல விழுந்தது.

"இந்தா அக்கா, இன்னும் டைட் பண்ணுதேன்!"

மாஸ்டர் ஓடி வந்தார். "ஏம்மா, வுடு! வுடு! அவங்க தட்றாங்க இல்ல?"

"தட்டுதாவன்னுதான சார் இறுக்குதேன்!"

சுவாதி அக்கா எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஹாஸ்டலுக்கு வந்ததும் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை அறையலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் திருநாவுக்கரசு கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் சுவாதி அக்கா, கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு. மேஜை மேல் இருந்த பெர்மனென்ட் பேப்பரில் என் பெயர் முதலில் இருந்தது.

"உங்க கழுத்த நெரிச்ச பொண்ணுக்கா பெர்மனென்ட்?" என்றார் மேனேஜர்.

"தட்டினது நானு சார்," என்று கரகரத்தார் அக்கா. "தட்டினா இறுக்கணும்னு மூணு வருஷமா பழக்கினதும் நானு. அவ மேல இன்னா தப்பு கீது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடித்தேன். பேனா வழுக்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இன்னாடி இப்டி வீங்கிக் கீது?"

"முடுக்கி முடுக்கித்தான் அக்கா. ஒரு வருசமா இப்படித்தான்."

"வலிச்சா சொல்றதுக்கு இன்னா?"

"நான் யாரைத் தட்டணும் அக்கா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேப்பர் இன்னும் மேஜையில்தான் இருந்தது. அக்கா அதை என் பக்கம் நகர்த்தி, நான் கையெழுத்துப் போடும்வரை நின்றார்.

ஷிப்ட் தொடங்கியதும் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, என் ஸ்பேனரை எடுத்து அவரே சீட்டுக்கு அடியில் குனிந்தார். நான்கு சீட் முடுக்கினார். ஐந்தாவதில் நிறுத்தி, கையை உதறினார்.