வாசலில் நாற்பத்தொரு ஜோடி

2018ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள், ஈப்போவின் புந்தோங் பகுதியில் தினேஸ்வரியின் வாடகை வீட்டு வாசலில் நாற்பத்தொரு ஜோடி செருப்பும் சப்பாத்தும் கிடந்தன. வீட்டுக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவற்றை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. எஸ்தோனியாவில் ஒருவர் அவளுடைய இணையக் குழுவில் சேர்ந்த மறுநாள், உள்ளே உரோமம் வைத்த பூட்ஸ் ஒன்று விடியும்போது வாசலில் இருந்தது. அதன் மூக்கில் ஒட்டியிருந்த பனி, ஈப்போ வெயிலில் மத்தியானம் வரைக்கும் கரையவில்லை. நைரோபிக்காரருடையது டயரில் வெட்டித் தைத்த செருப்பு. ஜெர்மன்காரருடையது ஆளுக்குத் தகுந்தபடி படகு மாதிரி ஒன்று. ஒருவர் சேர்ந்தால் செருப்பு வரும். விலகப்போகிறவரின் செருப்பு முந்தின நாளே தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். மறுநாள் அது இருக்காது.

புந்தோங்கில் ஒரு வீட்டு வாசலில் இவ்வளவு செருப்பு கிடந்தால் ஒன்று விசேஷம், இல்லையென்றால் சாவு. பக்கத்து வீட்டுப் புனிதா, பந்தல் எதையும் காணாததால் சாவுதான் என்று முடிவு கட்டி, ஒரு ஃபிளாஸ்க் தேநீரும் துக்க முகமுமாக வந்து நின்றாள். "யாரு தவறிட்டா?" என்று கேட்டாள். யாரும் தவறவில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் கூட்டாளிகள் என்றாள் தினேஸ்வரி. புனிதா எட்டிப் பார்த்தாள். நாற்காலிகள் காலியாக இருந்தன. "அப்ப உள்ள யாருமே இல்லையா?" "எல்லாரும் இருக்காங்கக்கா. அவங்கவங்க வீட்டுல இருக்காங்க." கொண்டுவந்த தேநீரை வீணாக்க மனமில்லாமல் இருவரும் உட்கார்ந்து குடித்தார்கள். அதன் பிறகு தெரு பழகிவிட்டது. எஸ்தோனியா பூட்ஸுக்குள் பூனை குட்டி போட்டதைத் தவிர வேறு புகார் எதுவும் பதிவாகவில்லை.

அவர்கள் செய்த வேலை இதுதான். வீட்டுக்கு வீடு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டியை விற்ற கம்பெனி, மூன்று நான்கு வருடத்தில் அதை மறந்துவிடும். பெட்டி நன்றாகத்தான் இருக்கும்; உள்ளே ஓடும் மென்பொருள் மட்டும் கிழடுதட்டிப்போய், கண்ட திருடனுக்கும் கதவைத் திறந்துவிடும். தொழிற்சாலை ஒன்றில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்த தினேஸ்வரி, அந்தப் பெட்டிகளுக்குப் புது மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2013இல் இணையத்தில் வைத்தாள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் ஆனதால் அதற்கு, தோட்டத்துக் கங்காணியைக் குறிக்கும் 'மண்டோர்' என்ற சொல்லையே பெயராக வைத்தாள். வருகிற போகிற தகவலை எல்லாம் வரிசையில் நிறுத்தி விரட்டுவது மண்டோர் வேலைதானே என்பது அவள் வாதம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் கூடிப் பேசுவதற்குப் பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுப்பார்களே, அதுதான். எஸ்தோனியாக்காரர் அந்தச் சொல்லை மூன்று மாதம் பழகி, ஓரளவுக்குச் சரியாகச் சொன்னார்.

2014இல் அவள் ஒரு மாற்றத்தைத் தானே எழுதி, தானே சரிபார்த்து, தானே வெளியிட்டதில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் ஒரே காலையில் செத்துப்போயின. அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஒரு பூட்டு எழுதினாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தராமல் எதுவும் வெளியே போகாது. புதிதாக ஒருவருக்கு ஒப்புதல் உரிமை தரவும் இருவர் வேண்டும். தன் அவசரபுத்தி அவளுக்குத் தெரியும் என்பதால், தன்னாலும் திறக்க முடியாதபடி அதைக் கெட்டியாக எழுதினாள்.

2019இல் சண்டை வந்தது. மிகப் பழைய, நினைவகம் குறைந்த பெட்டிகளைக் கைவிட்டால்தான் முன்னே போக முடியும் என்றார்கள் பாதிப்பேர். அந்தப் பெட்டிகள் ஏழைகள் வீட்டில்தான் இருக்கின்றன, கைவிட மாட்டேன் என்றாள் தினேஸ்வரி. இரு பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை ஐந்து மாதம் நீண்டது. ஒரு திங்கட்கிழமை இருபத்திரண்டு ஜோடி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றதைப் புனிதாதான் முதலில் கண்டாள். அவர்கள் வேறு பெயரில் வேறு மென்பொருள் தொடங்கினார்கள். அது நன்றாகவே நடக்கிறது. மிஞ்சிய எல்லாருக்கும் தினேஸ்வரி ஒப்புதல் உரிமை கொடுத்தாள், யாரும் போய்விடக்கூடாதே என்ற பயத்தில். ஆனாலும் போனார்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவருக்கு வேலை மாறியது, நைரோபிக்காரர் இறந்துபோனார். அவருடைய செருப்பு எந்தப் பக்கமும் திரும்பாமல், பதினாறு நாள் கழித்து மழையோடு போனது. 2022இல் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. பெண்கள் போடும் சின்னச் செருப்பு. அடியில் வயல் சேறு. பட்டியலில் அந்த உறுப்பினரின் பெயர் 'ந' என்ற ஒற்றை எழுத்து. பெரட்டுக்கு வந்ததில்லை, பேசியதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நாள் கழித்து 'ஓகே' என்று ஒரு சொல் மட்டும் வரும். இரண்டு வருடம் மண்டோர் அந்த ஒரு சொல்லில் ஓடியது. சனிக்கிழமைகளில் தினேஸ்வரி பத்து மணிக்குத் திரையைத் திறந்து வைத்து, பதினொரு மணிக்கு மூடினாள். அந்த ஒரு மணி நேரம்தான் வாரத்திலேயே மிக நீளமானது.

2024 ஜூனில், செக் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் மண்டோரில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினார். வழக்கப்படி தொண்ணூறு நாள் தவணை. அதற்குள் அடைக்காவிட்டால் ஊரறியச் சொல்லிவிடுவார். சொன்ன அன்றே பதினோராயிரம் வீட்டுப் பெட்டிகளுக்குள் எவன் வேண்டுமானாலும் நுழையலாம். தினேஸ்வரி அடைப்பை எழுதி முடித்தாள். விஷயம் பெரிது என்பதால், 'ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே ஒப்புதல் தரவும்' என்று தலைப்பில் பெரிதாகப் போட்டாள். ஓகே வரவில்லை. மூன்று வாரம் வரவில்லை. செருப்பு மட்டும் வீட்டைப் பார்த்தபடியே கிடந்தது, தினமும் ஈரச் சேற்றோடு. தவணை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிய இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு 'ந'வுக்குத் தபாலில் ஒரு கேபிள் அனுப்பிய முகவரியைத் தேடி எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, அவள் பாகான் செராய்க்கு ரயிலேறினாள்.

அது வயல்களை ஒட்டிய ஒரு நாசி கண்டார் கடை; சோறும் கறியும் விற்பது. பின்கட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் பெயர் நஜ்லா, கடைக்காரரின் மருமகள். தினேஸ்வரியின் கையில், 'மண்டோர்' என்று எழுதி ஒட்டிய மடிக்கணினியைக் கண்டதும் அவள் அரைப்பதை நிறுத்தினாள். "அலாமா, நீங்களா!" என்று சொல்லி, தினேஸ்வரியைக் கையோடு மாடிவீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கோப்பை தேநீர் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். "நான் கோட் படிச்சதே இல்லக்கா. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க எழுதுறதைக் கடைப் பெட்டில ஏத்துவேன். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சுன்னா ஓகே போடுவேன். இந்த வாட்டி படிச்சிட்டுதான் போடணும்னு எழுதிட்டீங்க. பொய் சொல்ல மனசு வரல. அதனால இன்னும் ஏத்தவே இல்ல."

தினேஸ்வரிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு கோபத்தைவிட மோசமான ஒன்று வந்தது. இரண்டு வருடமாக அவள் எழுதியதை அவளைத் தவிர ஒரு மனிதக் கண்ணும் பார்க்கவில்லை. அவ்வளவு கெட்டியாக எழுதிய பூட்டுக்கு உள்ளே அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். ஆனாலும் ஞாயிறு மறுநாள்தான் என்பதால், கணினியைத் திறந்து, நாற்பத்து மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்கினாள். பெட்டி விழித்தெழ வேண்டிய பழைய தொடக்கப் பகுதியை முதலில் அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும், ஒரு நிமிடம்தான் ஆகும் என்ற இடத்தில் நஜ்லா நிறுத்தினாள்.

"அந்த ஒரு நிமிசத்துல யாராச்சும் பிளக்கப் புடுங்கிட்டா?"

யார் பிடுங்குவார்கள் என்று கேட்டாள் தினேஸ்வரி. நஜ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் மசாலா மிஷினுக்கும் பெட்டிக்கும் ஒரே பிளக் பாயிண்ட். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது யாராவது பிடுங்குவார்கள். இதுவரை வந்த ஒவ்வொரு மாற்றமும் அப்படிப் பிடுங்கிச் செருகி, பிழைத்த பிறகுதான் ஓகே வாங்கியது. புந்தோங் வீட்டில் பிளக்கைப் பிடுங்க ஆள் இல்லை. அதனால் பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கேள்வி தினேஸ்வரிக்குத் தோன்றவில்லை. இதை அப்படியே வெளியிட்டிருந்தால் ஓட்டை அடைபட்டிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் மின்சாரம் போன வீட்டில் எல்லாம் பெட்டி செத்திருக்கும். அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நஜ்லா பதறிப்போய், "நான் தப்பா ஓகே போட்டுக்கிட்டே வந்துட்டேனாக்கா?" என்றாள். இல்லை என்று தினேஸ்வரி தலையாட்டினாள்.

புதியதை வேறிடத்தில் எழுதிச் சரிபார்த்த பிறகே பழையதை அழிக்கும்படி அவள் அங்கேயே திருத்தினாள். கீழே கடைப் பெட்டியில் ஏற்றினார்கள். நஜ்லா தன் கையாலேயே ஆறு தடவை பிளக்கைப் பிடுங்கினாள். ஆறு தடவையும் பெட்டி எழுந்தது. மூன்றரை மணிக்கு ஓகே போட்டாள். மறுநாள் செக் நாட்டுக்காரர் ஊரறியச் சொன்னபோது அநேகமாக எல்லாப் பெட்டிகளும் புதியதைத் தாமாகவே ஏற்றிக்கொண்டு அடைபட்டிருந்தன. பதினோராயிரம் வீட்டிலும் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் கிடைப்பது அதுதான்.

கிளம்பும்போது நஜ்லா சாப்பாட்டைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, மாடிப்படியின் கீழ் வரைக்கும் கூட வந்தாள். தினேஸ்வரி கழற்றிப்போட்ட செருப்புக்குப் பக்கத்தில் அதே செருப்பு இன்னொரு ஜோடி கிடந்தது. போன மாதம் அவள் நீல நூலால் தைத்த இடது வார் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களோடதுதான்க்கா. நான் சேந்த மறுநாள் வந்துச்சு. ஒம்பது வருசமா அத சுத்தித்தான் பெருக்குறேன்."

எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள் தினேஸ்வரி.

"வேணாம்லா. போட்டுட்டு வந்ததப் போட்டுட்டுப் போங்க. இது கெடக்கட்டும். என்னப் பாக்கன்னு இந்த வாசலுக்கு வேற யாரும் வந்ததில்ல."

தினேஸ்வரி தன் செருப்பைப் போட்டுக்கொண்டு நாலே முக்கால் ரயிலைப் பிடித்தாள். மற்றது அங்கேதான் கிடக்கிறது.