குரல்படி உட்காரும் ஞாயிறு

வேல்ஸில் எங்கள் ஊர்ச் சின்ன தேவாலயமான சாப்பலில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் திரண்டு வந்து பகல் முழுக்கப் பாடுவார்கள். பிரசங்கம் கிடையாது. அன்றைக்குக் குடும்பத்தோடு உட்கார முடியாது, குரலோடுதான் உட்கார வேண்டும். பெண்களில் உச்சக்குரல் சோப்ரானோ இடது பக்கம், தணிந்த குரல் ஆல்ட்டோ நடுவில், கட்டைக்குரல் பேஸ்காரர்கள் வலது பக்கம், அவர்கள் தலைக்கு மேலே மாடத்தில், ஆண்களில் மேல்குரல்காரர்களான டெனர்கள். புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை. அந்த ஒரு நாள் நிம்மதிக்காகவே பாதிப்பேர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஆல்ட்டோ. என் நண்பன் மடோக்கின் மூன்று ஆல்பங்களிலும் பியானோ வாசித்தவளும் நான்தான்.

அந்த ஆல்பங்களில் வேறு பெயர் இருக்கிறது, ஒரு பெண் பெயர். அதை இங்கே சொல்லப்போவதில்லை. தானே எழுதி, தானே கிடார் வாசித்துப் பாடுவான். வேல்ஸ் ரேடியோவில் அவன் பாட்டு ஓடாத நாள் இல்லை. அந்த உச்சஸ்தாயிக் குரலுக்காகக் காரை ஓரங்கட்டிக் கேட்டவர்கள் உண்டு. மூன்றாவது ஆல்பத்தில், அப்பாவின் கோட்டைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்ப்பதைப் பற்றி ஒரு பாட்டு. அப்பா பாசம் என்று ஊரே உருகியது. நானும்தான் உருகினேன், மக்கு.

முப்பது வயதில், தான் ஓர் ஆண் என்று சொன்னான். மடோக் என்று பெயர் வைத்துக்கொண்டான். ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் குரல் உடையும், திரும்ப வராது என்றார் டாக்டர். ரெக்கார்டு கம்பெனிக்காரர் அதையே அழுதுகொண்டே சொன்னார். அவன் போட்டுக்கொண்டான். குரல் உடைந்தது. இரண்டு வருடம் மேடை ஏறவில்லை. என் வீட்டு அறையில் உட்கார்ந்து, தன்னால் இன்னும் பாட முடியாத பாட்டுகளை எழுதினான்.

அவன் அப்பா எம்ரிஸ் ஸ்லேட் கல் குவாரியில் வேலை பார்த்தவர். இந்தச் சாப்பலின் பேஸ் வரிசைக்கு அவர்தான் தூண். மகனிடம் அவர் சண்டை போடவில்லை. அதைவிடக் கொடுமையாக, எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடாமலே இருந்தார். டீ வேண்டுமா என்று கேட்டாலும் கெட்டிலைப் பார்த்துத்தான் கேட்பார்.

இந்த வருடம் பாட்டு ஞாயிறுக்கு வருகிறேன் என்றான் மடோக். காரில் வரும்போதே கேட்டேன்.

"எங்கடா உக்காருவ?"

"அப்பா பக்கத்துல."

"பேசாம என்கூட ஆல்ட்டோல வந்து உக்காரு. யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"கண்டுக்கணும்னுதான் வரேன். அவர் பக்கத்துல எனக்கு எடம் உண்டா இல்லையா, அது தெரிஞ்சாப் போதும். கச்சேரி கிச்சேரியெல்லாம் அப்புறம்."

உள்ளே நுழைந்ததும் நெஸ்ட்டா அத்தை சோப்ரானோ வரிசையிலிருந்து கையை ஆட்டினாள். சிறு வயதிலிருந்து அவன் உட்கார்ந்த இடத்தில் தன் கோட்டைப் போட்டுப் பிடித்து வைத்திருந்தாள்.

"வாடி தங்கம்... அய்யோ, வாப்பா... சரி, எப்படியோ வந்து உக்காரு!"

"அந்த ஒசரத்துக்கெல்லாம் என்னால இனிமே போக முடியாது அத்தை."

"வாயை மட்டும் அசை. யாருக்குத் தெரியப்போகுது?"

சோப்ரானோக்கள் மொத்தமும் திரும்பி அன்பாகச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடகனிடம் சொல்கிற பேச்சா இது? மடோக் நன்றி சொல்லிவிட்டு நேரே வலது பக்கம் நடந்தான். எம்ரிஸ் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்தார். அவர் நகர, மற்றவர்களும் நகர்ந்தார்கள். மடோக் உட்கார்ந்தான்.

பாட்டு நடத்த பாங்கர் நகரத்திலிருந்து வந்த அம்மாள் வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர். முதல் பாட்டு ஆரம்பித்தது. என் காது முழுக்க வலது பக்கம்தான். மேலே ஏறும் இடங்களில் மடோக்கின் குரல் கரகரப்போடு, ஆனால் நன்றாகவே கேட்டது. கீழே இறங்கும்போது வெறும் காற்றுதான் வந்தது.

அம்மாள் கையைத் தட்டி நிறுத்தினார். "பேஸ்ல யாரோ கெணத்துல எறங்கினாங்க. இன்னும் மேல வரக் காணோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். மடோக்கின் கழுத்து சிவந்துவிட்டது. மறுபடி பாடினோம். எம்ரிஸ் தான் பாடுவதை நிறுத்திவிட்டு, மகன் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பாடாமல் நின்று நான் பார்த்ததேயில்லை. பாட்டு முடிந்ததும் திரும்பி, நிதானமாக மகன் முகத்தைப் பார்த்தார்.

அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"நம்ம வம்சத்துல இந்த மாதிரி ஒருத்தன் பொறந்ததே இல்ல" என்றார்.

மடோக் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழப் போனான். ஏன்டா இவனைக் கூட்டிக்கொண்டு வந்தோம் என்றிருந்தது.

"எங்கப்பா பேஸ். எங்க தாத்தா பேஸ். நீ டெனருடா! கேக்கவே வெக்கமா இருக்கு."

பேஸ் வரிசை வெடித்துச் சிரித்தது. மாடத்திலிருந்து டெனர்கள் கூச்சல் போட்டார்கள். "பெருசு, பொறாமையா?" என்று எவனோ கத்தினான்.

"சிரிக்காத, எந்திரி" என்றார் எம்ரிஸ். மடோக் சிரிக்கவில்லை, அவன் கண் நிறைந்திருந்தது. "இங்க உக்காந்து தொண்டையைக் கெடுத்துக்காத. மேல போ. அந்தக் கூவுற கூட்டத்தோட உக்காரு."

பிறகு மாடத்தை நிமிர்ந்து பார்த்துக் குவாரிக் குரலில் கத்தினார்.

"டேய், என் பையன் வரான். நல்ல எடமா விடுங்கடா!"

மடோக் படியேறி உட்காரும்வரை அம்மாள் காத்திருந்தார். அடுத்த பாட்டில் டெனர்கள் பக்கம் பலமாக ஒலித்தது. எம்ரிஸ் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முகமெல்லாம் சிவக்க, மாடத்தைப் பார்த்தபடியே பாடினார்.