வாசலில் ஒரு பர்மாங்கனேட் கோலம்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அனசூயம்மா, பூதரேகுலு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே குண்டையும் போட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் காலேஜ் வேலை எதுக்கும்மா? வீட்டுக்கு ஒரு கெமிஸ்ட்ரி லெக்சரர் போதாதா?"

என் அக்கா ஹைமவதிக்குப் பாடம் நடத்துவதுதான் உயிர். மாப்பிள்ளை பானுகிரண் ஏதாவது சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். தெனாலியின் பெரிய காலேஜில் லெக்சரராம்! வாயில் கொழுக்கட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, கோலம் போடத் தெரியுமா?" என்றார் அனசூயம்மா.

"பேஷா தெரியும்." அக்கா விருட்டென்று எழுந்து கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனாள். எல்லோரும் பின்னாலேயே போனோம். புள்ளி வைக்கவில்லை. பொட்டாசியம் பர்மாங்கனேட்டையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கலந்தால் என்னாகும் என்று, வாசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சமன்பாடாகவே இழுத்துவிட்டாள்.

"இதுதான் நான் போடற கோலம். பிடிச்சா பாருங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரொம்ப லட்சணமா இருக்கு" என்று சமாளித்தார் மாப்பிள்ளையின் அப்பா.

"தப்பு," என்றது ஒரு குரல்.

பானுகிரண்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தே விட்டான். "அமிலத்துக்கு முன்னாடி பத்து போட்டிருக்கீங்க. பதினாறு வரணும்."

"குளோரின் வாயு அஞ்சு மூலக்கூறு. பத்துதான் வரும்!"

"வாயுவாப் போனது மட்டும் பத்து. உப்புலயே தங்கிட்ட ஆறை யாருங்க எண்ணுவாங்க? தண்ணியில இருக்கற ஹைட்ரஜனை எண்ணுங்க, அதுவும் பதினாறு."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். முகம் சிவந்தது. "கோபத்துல போட்டேன். கிளாஸ்ல இப்படிப் போடமாட்டேன்."

"போன வாரம் நானே கிளாஸ்ல பத்துன்னு போட்டேன். பசங்க சிரிச்சுட்டாங்க."

"அடப்பாவமே! நீங்களுமா?"

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் பத்தை அழிக்க, அவன் பதினாறு போட, "ஆறு கோணலா இருக்கு" என்று இவள் கையைத் தட்டிவிட, "உங்க அம்புக்குறி மட்டும் நேரா இருக்கா?" என்று அவன் எகிற, வாசலே ரெண்டுபட்டது. வேட்டியெல்லாம் வெள்ளை. எதிர்வீட்டு மாடியில் கூட்டம் கூடிவிட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அம்மா மட்டும் நடுங்கிப்போய், "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க, இவளுக்குக் கொஞ்சம் வாய் நீளம்..." என்று ஆரம்பித்தாள்.

அனசூயம்மா காதில் அது ஏறவே இல்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இவன் வீட்ல பேசி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" என்றார். "சாப்பாடு போடுங்கறதைக்கூட தட்டைத் தள்ளித்தான் சொல்லுவான்."

பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"நீ காலேஜுக்குப் போம்மா. சாயங்காலம் வரும்போது இந்த மாதிரி ஒரு சண்டையைக் கொண்டுவந்தா போதும்."