தண்ணீரைப் பார்த்த கோளாம்பி

கண் தெரியாத ஒரு பெண்ணைக் கண்டால் பாறசாலை தொட்டு நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள சனம் முதலில் செய்கிற காரியம் குரலை உயர்த்துவது. பார்வை போன வழியே காதும் போயிருக்கும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. பஸ் கண்டக்டர் கத்துவான். ரேஷன்கடைக்காரன் கத்துவான். கோயிலில் பிரசாதம் கொடுக்கிற போற்றி கைஜாடையும் சேர்த்துக் கத்துவார். அந்தக் கைஜாடை யாருக்கு என்று அவருக்கே வெளிச்சம்.

சண்முகவடிவு இந்தக் கத்தலுக்குள்தான் குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த மூளைக்காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோயிற்று. இப்போது வயது முப்பத்தாறு. நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டு அவள் பொறுப்பு. கத்தலைக்கூடச் சகித்துக்கொள்வாள். சகிக்க முடியாதது கை. ரோட்டோரம் சும்மா காற்று வாங்க நின்றாலும் யாராவது முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கடத்திவிட்டுப் புண்ணியத்தோடு போய்விடுவார்கள். அவள் திரும்ப இந்தப் பக்கம் வர வேண்டும். அதற்கு இன்னொரு புண்ணியவான் காத்திருப்பான்.

அந்தப் போர்டைப் பழுதுபார்க்க வந்தவர்தான் ரெத்தினதாஸ். பாறசாலைக்காரர், கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கண் தெரியாதவர்கள் பாய்ப்படகு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். தண்ணீரில் மிதவைகள் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போடும். அதைக் கேட்டுச் சுக்கானைத் திருப்பிக்கொண்டு போகலாம். இதை அவர் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

“வள்ளத்துல கூட யாரு அண்ணே இருப்பா?”

“யாரும் வேண்டாம் மக்கா. நீ ஒருத்தியாக்கும்.”

கையைப் பிடிக்க ஒருத்தரும் வர முடியாத இடம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கள்ளிக்காடு என்கிற ஊரில், அணைத் தண்ணீரில் ரெத்தினதாஸ் மூன்று நீலப் பிளாஸ்டிக் டிரம்மை நங்கூரம் போட்டு மிதக்கவிட்டார். ஒன்றின் தலையில் வீட்டு வாசல் காலிங்பெல். பேட்டரியில் ஓயாமல் குருவிபோலக் கத்தும். இரண்டாவதில் அம்பாசிடர் கார் ரிவர்ஸில் பின்னால் வரும்போது பாடுகிற மெட்டு. மூன்றாவதில் ஆட்டோ ஹாரன், விட்டு விட்டு அடிக்கும். விடுமுறை நாள்களில் விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறிப் போய் சண்முகவடிவு பழகினாள். பாய்க்கயிறு ஒரு கையில், சுக்கான் மறு கையில். போகும்போது காற்று இடது கன்னத்தில், வரும்போது வலது கன்னத்தில். நடுவில் குருவி, கார், ஆட்டோ. முதல் மாதம் பாசிக்குள்தான் பாதி நேரம் கிடந்தாள். பிறகு கிடக்கவில்லை.

அணைக்குப் பொறுப்பான என்ஜினீயர் பிரேமகுமாரி ஒருநாள் டிரம்களைப் பார்த்துவிட்டார். நேரான மனுஷி. “இவங்க தனியா சுத்தி வாறத நான் நேர்ல காணணும். கண்டா அனுமதியில ஒப்பு போடுவேன், டிரம்மு கிடக்கட்டு. இல்லெங்கி எல்லாத்தையும் கரையில ஏத்திரணும். ஆளு முங்கிச் செத்தா பதிலு பறைய வேண்டியது நானாக்கும்.”

அதில் நியாயம் இருந்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வள்ளமும் பாயும் அன்பொளி சேவா சங்கம் வாங்கிக் கொடுத்தவை. சங்கத்தின் தலைவர் வக்கீல் தாணுலிங்கம் பிள்ளை. அவருக்குக் கோர்ட்டில் கேஸ் குறைவு. ஆகையால் பேச்சு முழுவதும் மிச்சம். அதை எங்கே கொட்டுவது என்று ஜில்லா முழுக்க இடம் தேடிக்கொண்டிருந்தவர். என்ஜினீயர் பார்க்க வருகிறார் என்று கேட்டதும் அது விழாவாகிவிட்டது.

விழா அன்று பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே சண்முகவடிவு காதைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் இன்னும் வெகுதூரம். அதற்குள் கோளாம்பி ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு காதைக் கிழித்தது. கூடவே செண்டை மேளம். வள்ளம் இரண்டைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, இடுப்பளவு தண்ணீரில் மேடை மிதக்கவிட்டிருக்கிறார்கள் என்று ரெத்தினதாஸ் சொன்னார். பின்னால் தண்ணீர் தெரிய போட்டோ எடுக்க வேண்டுமாம்.

அவள் நேராகத் தலைவரிடம் போனாள்.

“சார், எனக்கு ஒரு காரியம் போதும். நான் வள்ளத்துல ஏறினா மைக்க அணைக்கணும்.”

“அதுக்கென்ன மோளே! நிச்சயமாட்டு!” என்று அவர் கத்தினார்.

“கத்தண்டாம் சார். எனக்கு காது உண்டு.”

“அது எனக்குத் தெரியாதா!” என்று இன்னும் பலமாகக் கத்திவிட்டு, மைக்செட் சுனில்குமாரைப் பார்த்துத் திரும்பினார். “எலே சுனிலே, கோளாம்பி ரெண்டையும் என்னத்துக்கு கரையப் பாத்து வச்சிருக்க? கண்ணு தெரியாத பிள்ளையாக்கும். காதாவது நல்லா கேக்கண்டாமா? தண்ணியப் பாத்துத் திருப்புலே!”

ரெத்தினதாஸ் ஓடிவந்தார். “வக்கீல் சாறே, அந்த டிரம்முல சத்தம் உண்டு. அதக் கேட்டாக்கும் அவ போவா.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்! சத்தம் கூடுதலா இருந்தா அவளுக்குக் கூடுதல் எளுப்பம்.”

நாற்பது வருஷம் கப்பலில் சுற்றிய மனுஷன். உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் இப்படி ஒரு நியாயத்தை அவர் கேட்டிருக்கவில்லை. சுனில்குமார் மேடையில் நட்டிருந்த மூங்கிலில் ஏறி கோளாம்பி இரண்டையும் தண்ணீரைப் பார்த்துத் திருப்பிக் கட்டினான்.

பிறகு பேச்சு. ஒலியின் மகிமை பற்றித் தாணுலிங்கம் பிள்ளை பேசினார். ஆதியில் இருந்தது ஒலி, அந்தத்தில் இருக்கப்போவதும் ஒலி, நடுவில் இருப்பது அன்பொளி சேவா சங்கம் என்று பேசினார். நம் சகோதரியின் இருண்ட வாழ்வில் இந்த மூன்று டிரம்களும் மூன்று சூரியன்கள் என்றார். சூரியனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று சண்முகவடிவு பல்லைக் கடித்தாள். பொன்னாடை போர்த்தினார்கள். அது அவள் போட்டிருந்த மிதவைச் சட்டையின் வாரில் சிக்கிக்கொண்டது. பிய்த்துக் கீழே போட்டாள். அடக்கத்தால் செய்கிறாள் என்று கூட்டம் கைதட்டியது.

வள்ளத்தில் ஏறியதும் சொன்னபடியே மைக் நின்றது. மேளமும் நின்றது. சண்முகவடிவு பாயை இழுத்துப் பிடித்தாள். காற்று இடது கன்னத்தில் வந்து தொட்டது. தூரத்தில் குருவி கத்தியது. கோபம் வடிந்து, உடம்பு தானாகச் சுக்கானோடு சேர்ந்துகொண்டது. குருவி வலப்பக்கம் நெருங்கி, காதோடு வந்து, பின்னால் போயிற்று. முதல் மிதவை முடிந்தது. முன்னால் அம்பாசிடர் மெட்டு மெல்லக் கேட்டது. அவள் மூக்கை அதற்கு நேராகத் திருப்பினாள்.

இங்கேதான் தாணுலிங்கம் பிள்ளையால் தாங்க முடியாமல் போயிற்று. தண்ணீரில் ஒரு வள்ளம் போகிறது, கரையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், கையெட்டுகிற தூரத்தில் மைக் இருக்கிறது. வள்ளங்களிப் படகுப் போட்டியில் சொல்கிறதுபோல் வர்ணனை சொல்லாமல் எந்தத் தண்ணீரை இந்த நாட்டில் யார் கடந்திருக்கிறார்கள்? வாயைத் திறந்தார்.

“இதோ! இதோ! இருளைக் கிழித்துக்கொண்டு! அலையைப் பிளந்துகொண்டு! நம் சகோதரி முன்னேறுகிறாள்! முன்னேறுகிறாள்! அன்பொளியின் அருமருந்தன்ன வள்ளம் இதோ…”

தண்ணீரைப் பார்த்துத் திருப்பிய இரண்டு கோளாம்பியும் அதை அப்படியே சண்முகவடிவின் முதுகில் கொட்டின. அந்த அணையில் அலையே கிடையாது என்பது வேறு விஷயம். அம்பாசிடர் சத்தம் அமுங்கிப் போயிற்று. ஆட்டோ போயிற்று. பின்னால் விட்டுவந்த குருவியும் போயிற்று.

“மைக்க அணைங்க!” என்று அவள் கத்தினாள்.

“நம் சகோதரி ஆவேசமாகக் குரல் கொடுக்கிறாள்! கரகோஷம் செய்யுங்கள்!”

கரகோஷம் செய்தார்கள். மேளக்காரர்களும் சும்மா இருப்பது முறையல்ல என்று சேர்ந்துகொண்டார்கள். வள்ளத்தின் அடியில் பாசி உரசுவது அவளுக்குக் கைவழியே தெரிந்தது. மாதக்கணக்கில் பழகி விட்டொழித்த அதே பாசி. கரையில் ரெத்தினதாஸ் சுனில்குமாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சாறு சொல்லாம நான் எப்படி அணைப்பேன் அண்ணே?” என்று அவன் அழாத குறை. என்ஜினீயர் பிரேமகுமாரி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

தலைவரின் குரல் சோகத்துக்கு மாறியது. அதற்கும் அவரிடம் தனியாக ஒரு குரல் இருந்தது.

“அந்தோ! நம் சகோதரி திசை தவறிவிட்டாள்! பேதைப் பெண் என் செய்வாள்! அஞ்சாதே சகோதரி! இதோ உன் அண்ணன் இருக்கிறேன். என் குரலைக் கேள்! என் குரலையே பிடித்துக்கொண்டு வா!”

பேதைப் பெண். சண்முகவடிவின் காதில் அது கோளாம்பியின் கரகரப்போடு போய் இறங்கியது. ரோட்டைக் கடத்திவிட்ட கைகள் அத்தனையும் சேர்ந்து முழங்கையைப் பிடித்ததுபோல் இருந்தது. கையைப் பிடிக்க முடியாத இடம் என்று இருந்தது இது ஒன்றுதான். இங்கேயும் வந்துவிட்டான்.

அவள் சுக்கானை முழுக்கத் தள்ளினாள். வள்ளம் பாசியைவிட்டு வளைந்து திரும்பியது. காற்று வலது கன்னத்துக்கு மாறியது. தேடுவதற்கு ஒன்றும் இல்லை. குருவியைவிட, காரைவிட, ஆட்டோவைவிடத் தெளிவாக, ஒரு நொடி விடாமல், அவளுக்கு நேராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரே ஒரு மிதவை. கயிற்றை இறுக்கினாள்.

“வருகிறாள்! என் குரலைக் கேட்டு வருகிறாள்! இப்படித்தான்! வா சகோதரி, வா! ஏ, போதும்! போதும், கொஞ்சம் அந்தப் பக்கம்… எலே சுனிலே, லே…”

வள்ளம் மோதி மேடை ஒரு பக்கம் சாய்ந்தது. மூங்கில் முறிந்தது. கோளாம்பி இரண்டும் தண்ணீருக்குள் போயின. மைக்கோடு தலைவரும் போனார். இடுப்பளவுத் தண்ணீர்தான். மாலையும் வேட்டியும் மிதக்க உட்கார்ந்திருந்தார். மேளக்காரர்கள் செண்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள்.

அப்போது கூட்டம் முதன்முறையாகக் குருவியைக் கேட்டது. அதற்கப்புறம் அம்பாசிடரை. அதற்கும் அப்பால் ஆட்டோவை.

தாணுலிங்கம் பிள்ளை எழுந்து நின்றார். மைக் இல்லாமல் அவர் குரல் சிறியதாக இருந்தது. ஆனாலும் ஆயிரம் பேர் பார்க்கும்போது பெருந்தன்மையைக் கைவிடுகிற ஆள் அல்ல. “ஒண்ணும் சொல்லாதீங்கோ. பாவம், கண்ணு தெரியாத பிள்ளை. அறியாம இடிச்சுப்போட்டா. நான் மன்னிச்சாச்சு.”

“பாவம், பாவம்” என்று கரை முழுக்க ஓடியது. ரெத்தினதாஸ் தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். “சும்மா இரி மக்கா. அவரே விட்டாச்சு. கேசு கூட்டம் ஒண்ணும் வேண்டாம்.”

சண்முகவடிவு ஒரு கணம் சும்மாதான் இருந்தாள். பாவம் என்று ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். டிரம்கள் மட்டும் கரையேறிவிடும். இடிக்கிற பேதையை நம்பித் தண்ணீரில் யார் விடுவார்கள்?

“என்ஜினீயர் மேடம் எங்க?” என்று கேட்டாள்.

“இஞ்ச உண்டு. சொல்லுங்க.”

“அறியாம இடிக்கல்ல மேடம். குறி வச்சு வந்தேன். மைக்குக்கு நேரா.”

தலைவரின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது அவளுக்குக் கேட்டது.

“வேணும்னே செய்ததா?” என்றார் பிரேமகுமாரி.

“வேணும்னேதான். கேசு குடுக்கணும்னா குடுக்கட்டும். ஆனா திசை தப்பினேன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லப்பிடாது. வள்ளம் எங்க வந்து இடிச்சுதுன்னு பாத்தவங்களக் கேளுங்க.”

“கிருத்தியமாட்டு மைக்குலயாக்கும்,” என்றான் சுனில்குமார் தன்னையறியாமல். “ஒரு சாண் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல.”

பிரேமகுமாரி திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “மேடைய இடிச்சது சங்கத்துக் காரியம், அவங்க பாத்துக்கிடட்டு. நான் பாக்க வந்தது டிரம்மச் சுத்துகதை. அத இன்னும் காணல்ல” என்றார். “போங்க. சுத்துங்க. யாரும் பேசப்பிடாது.”

ரெத்தினதாஸ் வள்ளத்தைத் தள்ளிவிட்டார். குருவி நெருங்கி, தாண்டிப் போயிற்று. அம்பாசிடர் அவளுக்காகவே பின்னால் வருவதுபோல் மெட்டுப் பாடிக்கொண்டு வந்து விலகியது. ஆட்டோவைச் சுற்றித் திரும்பினாள். காற்று வலது கன்னத்துக்கு வந்தது. இனிக் கரைதான்.

கரையில் கொஞ்சம் ஈரம் உலர்ந்ததும் தாணுலிங்கம் பிள்ளைக்கு உணர்ச்சி பொங்கிற்று. மைக் இல்லாவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறதே. முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கி நின்று கையை உயர்த்தினார். “இதோ! அன்பொளியின்…”

தண்ணீரில் வள்ளத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது.

“சாறே, வாய மூடும்!” என்று சுனில்குமார் அலறினான். “அவ திரும்பவும் வாறா!”

தலைவர் வாயை மூடினார். வள்ளம் கொஞ்சம் தயங்கி, மூக்கை நேராக்கிக்கொண்டு கரைக்கு வந்தது.