மாதிரி வீட்டுக்கு ஓர் உல்லாசப் பயணம்

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தத் தம்பதியர் வீடு பார்க்கப் போவார்கள். வாங்குவதற்காக அல்ல, பார்ப்பதற்காக மட்டுமே. கட்டட நிறுவனத்தின் வேன் பேருந்து நிலையத்துக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். மாதிரி வீட்டில் ஏசி ஓடும். உள்ளே நுழைந்ததும் தட்டில் ஜூஸ் வரும். பன்னிரண்டாம் மாடிப் பால்கனியில் நின்றால் ஊர் முழுவதும் காலடியில் கிடக்கும். இத்தனைக்கும் கட்டணம் ஏதுமில்லை. தியேட்டர் இருட்டில் இரண்டு மணி நேரம் அடைந்து கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது மனைவியின் கருத்து. பள்ளி நூலகத்தில் வாரம் முழுவதும் அலமாரிகளுக்கிடையே நிற்கும் அவளுக்குத் தொலைவில் எதையாவது பார்க்கவேண்டும் போலிருக்கும்.

கணவர் பிளம்பர். சிக்கலே அதுதான்.

“ஏங்க, இன்னிக்காவது கைய கட்டிக்கிட்டு வாங்க,” என்று வேனில் ஏறும்போதே அவள் எச்சரித்தாள். “போன வாரம் நீங்க சுவத்த தட்டுன தட்டுல, பக்கத்து வீட்டுக்காரர் கதவத் திறந்துட்டு வந்து நின்னாரு.”

“சுவரு எவ்ளோ மெல்லிசுன்னு அதனாலதானே தெரிஞ்சுது?”

அன்று வேனில் அவர்களைத் தவிர ஒரு மாமியாரும் அவருடைய மருமகனும் மட்டுமே இருந்தனர். மருமகன் கையில் விளம்பரத் தாள். மாமியார் கையில் முடிவெடுக்கும் அதிகாரம்.

மாதிரி வீட்டின் வாசலில் வரவேற்ற விற்பனைப் பெண் பிளம்பர் தம்பதியைக் கண்டதும் ஒரு கணம் கண்களை மூடித் திறந்தாள். அதே நிறுவனத்தின் வேறு இரண்டு கட்டடங்களில் அவர்களுக்கு ஜூஸ் கொடுத்தவள் அவள்தான். மற்றவர்கள் கூடத்துக்குள் சென்றபின், மனைவியை மெல்லச் சமையலறைப் பக்கம் அழைத்துச் சென்றாள்.

“அக்கா, நீங்க வாங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

மனைவியின் முகம் சிவந்தது.

“அட, நான் ஒண்ணும் சொல்லலக்கா. பால்கனில நில்லுங்க, இன்னொரு ஜூஸ்கூட குடிங்க. அண்ணன மட்டும் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்குங்க. பதினொரு வாரமா எனக்கு ஞாயித்துக்கிழமை லீவே இல்ல. இன்னிக்கு ஒரு புக்கிங் விழுந்தா அடுத்த ஞாயிறு லீவுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. அந்த அம்மா கையெழுத்துப் போடணும்.”

“அவர நான் பாத்துக்கறேன்,” என்று வாக்களித்துவிட்டு மனைவி திரும்பினாள். கூடத்தில் கணவரைக் காணவில்லை.

அவர் குளியலறையில் இருந்தார். குழாயில் இன்னும் தண்ணீர் விடப்படாததால், விருந்தினருக்குக் கொடுத்த குடிநீர்ப் பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மாமியார் நின்றார்.

“என்ன தம்பி பண்றீங்க?”

“வாட்டம் பாக்கறேம்மா. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு.”

ஐந்து பேரும் குனிந்து அந்தத் தண்ணீரையே பார்த்தார்கள். அது அவசரப்படாமல் மூலைத் துளையை நோக்கி நகர்ந்து உள்ளே இறங்கியது. உள்ளங்கையளவு மட்டும் கை கழுவும் தொட்டியின் கீழ் தேங்கி நின்றது. விற்பனைப் பெண்ணின் அடுத்த ஞாயிறும் அந்த உள்ளங்கையளவில்தான் நின்றது.

“இது உங்க வீடா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று மாமியார் கேட்டார்.

மனைவி கணவரின் முழங்கையைக் கிள்ளினாள். அவர் முழங்கையைத் தடவிக்கொண்டார். வாயை மட்டும் மூடவில்லை.

“நாலு டைல்ஸ எடுத்துட்டு மறுபடி பதிக்கணும். ஒரு நாள் வேலை. ஆனா ஒண்ணு சொல்றேம்மா. இதோட ஒன்பது இடம் பாத்துட்டேன். மத்த எட்டுலயும் தண்ணி நேரா வாசலுக்குத்தான் ஓடி வந்துச்சு. இங்கதான் போக வேண்டிய எடத்துக்குப் போகுது.”

“ஒன்பது வீடு பாத்தும் ஒண்ணுகூட வாங்கலையா?”

“வாங்கறதுக்கு இல்லம்மா. லீவு நாள்ல இவள வெளிய கூட்டிட்டு வர்றதுதான்.”

மனைவிக்கு அந்தத் துளை வழியே தானும் இறங்கிவிடலாம் போலிருந்தது. மருமகன் சிரிப்பை விளம்பரத் தாளுக்குப் பின்னால் மறைத்தார். மாமியார் மறைக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

“விக்கவும் வரல, வாங்கவும் வரல. இவர் சொல்றதத்தான் நம்பலாம் மாப்ளே. பேனாவ எடுங்க. அந்த நாலு டைல்ஸ சரிபண்ணிக் குடுக்கணும்னு புக்கிங் படிவத்துலயே எழுதிக்கம்மா. வேலை நடக்கும்போது இந்தத் தம்பி பக்கத்துல நிக்கணும். அடுத்த ஞாயிறு வெச்சுக்கலாம்.”

பிளம்பர் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் மனைவியைப் பார்த்தார்.

“அப்ப அடுத்த ஞாயிறு நான் வீட்டுல உக்காந்து சுவத்த தட்டவா?” என்றாள் அவள்.

படிவத்தை மடித்துக்கொண்டு விற்பனைப் பெண் ஓடிவந்தாள். “எனக்கு லீவு கிடைச்சிடுச்சுக்கா! என்கூட வாங்க. பதினொரு வாரம் கழிச்சு வெளிய போறேன், எங்க போறதுன்னே தெரியல. செலவு மட்டும் அதிகம் ஆகக்கூடாது.”

மனைவியின் முகம் தெளிந்தது. “ஏழரைக்குப் படகுத்துறைக்கு வந்துடு. அக்கரைக்குப் போக ஒரு டிக்கெட் எடுத்தா போதும். இறங்காம உக்காந்திருந்தா மத்தியானம் வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வரலாம். நல்ல காத்து.”

“இறங்கச் சொல்ல மாட்டாங்களா?”

“எங்கயோ பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.”

“எங்கிட்டயும் இப்படித்தானேக்கா இத்தன நாளா உக்காந்திருந்தீங்க!”

 படகில் போனால் அவளுக்குத் தலை சுற்றுமா என்று மனைவி விசாரித்தாள்.