இல்லாத கீறல்

மலையடிவாரத்து மூடுபனி ஆற்றின் மேல் இறங்கி, கரையோரக் கிடங்குகளின் கூரைகளை நனைத்து, கடைத்தெருவில் அடைத்துக் கிடந்த கதவுகள்தோறும் நின்று நின்று மேலேறி, ஊரின் உச்சியில் வெண்கற்களால் எழுப்பப்பட்ட அருங்காட்சியகத்தின் படிகளை அடைந்தபோது, கீழ்வானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. அடுமனைக்காரரும் பால்வண்டிக்காரரும் தவிர வேறெவரும் விழித்திராத அவ்வேளையில், அருங்காட்சியகத்தின் பின்வாயிலில் ஒருவர் மட்டும் கழுத்துத் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு, விடிந்து நெடுநேரம் சென்ற பின்னரே வரவேண்டிய வண்டியின் ஓசைக்கு இப்போதே செவிசாய்த்து நின்றார். கலைநயம் உணர்ந்த அன்பரே, இது அவருடைய ஓராண்டின் கதை.

ஐம்பது அகவையைத் தாண்டிய அவர், அவ்விடத்தின் நிலைக்குறிப்பாளர். ஆண்டுக்கு நான்கு ஓவியக் காட்சிகள் அங்கே நடைபெறும். ஓவியங்கள் யாவும் ஊர் ஊராகச் சுற்றி வருபவை. ஒவ்வோர் ஓவியத்தோடும் ஓர் ஏடு உடன்வரும். அனுப்பும் ஊரார் ஓவியத்தைப் பெட்டியில் இடுமுன் அதன் கீறல், வெடிப்பு, நிறமங்கல் அனைத்தையும் அவ்வேட்டில் எழுதிக் கையொப்பமிடுவர். பெறும் ஊரார் பெட்டியைத் திறந்ததும் எழுத்தையும் ஓவியத்தையும் ஒப்பிட்டுத் தாமும் எழுதுவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதையே செய்துவந்தமையால் உடன் பணிபுரிவோர் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் சூட்டியிருந்தனர். விருந்துக்கு அழைத்தால் உண்ணத் தொடங்குமுன் தட்டின் விளிம்பிலுள்ள வெடிப்பைச் சொல்லிவிடுவார் என்பது அவர்களுடைய கேலி. அதில் பொய் அதிகம் இல்லை.

அவருடைய மனைவியும் அதே பணியில் தேர்ந்தவர். ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து, ஒரே ஓவியத்தின் மேல் குனிந்து, ஒருவர் சொல்ல ஒருவர் எழுதி அவ்விருவரும் வாழ்ந்த காலம் ஒன்றுண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், தொலைவிலுள்ள பேரூர் ஒன்றின் அருங்காட்சியகம் அவ்வம்மையாரைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தது. “நீங்களும் வாங்க” என்றார் அம்மையார். தம்மை விடுத்து மனைவியை அழைத்தது நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தமையால், “போறவங்க போகலாம்” என்றார் கணவர். புறப்படும் நாளன்று அம்மையார் வாயிற்படியில் நெடுநேரம் நின்றார். ஒரு சொல்லுக்காகத்தான் நின்றார். நம் மேன்மகனோ, பயணப்பெட்டியின் தாழ்ப்பாள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று குனிந்து சோதித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வீம்பு ஓர் ஒல்லியான உடம்பில் எங்கே தங்கியிருந்ததோ, யானறியேன்.

ஓவியங்கள் சுற்றிவரும் வரிசையில் அப்பேரூருக்கு அடுத்தது இவ்வூர். ஆகவே, வந்திறங்கும் ஏடுகள் ஒவ்வொன்றிலும் இறுதியாக இருப்பது அம்மையாரின் கையெழுத்தே. மடலோ பேச்சோ இல்லாத அவ்விருவருக்கும் இடையே மூன்று திங்களுக்கு ஒருமுறை வந்துபோனது அதுவொன்றுதான். அதனாலன்றோ, பனியில் நனைந்தபடி அவர் பின்வாயிலில் நின்றது!

ஆண்டின் முதற்காட்சி நீர்வண்ண ஓவியங்கள். ‘வலக் கீழ்மூலையில் ஈரக்கறை, கட்டைவிரல் அளவு’ என்ற வரியை, உயிர்பிழைத்தவன் நீர் அருந்துவதுபோல் அவர் மெல்ல மெல்லப் படித்தார். கறையைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பார்த்தார். சாய்வு மாறவில்லை, கை நடுங்கவில்லை, நலமாகத்தான் இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். இரண்டாம் காட்சி உருவ ஓவியங்கள். அவற்றுள் ஒரு பெண்முகத்தைப் பற்றி, ‘இடக்கண்ணருகே மயிரிழைப் பிளவு, பழையது, வளரவில்லை’ என்று அம்மையார் எழுதியிருந்தார். அச்சொற்களை ஒரு கிழமை முழுதும் சுமந்து திரிந்த அவர், இறுதியில், சுவரில் ஓவியம் மாட்டும் பணியாளரும் தம் நண்பருமாகிய ‘ஆணி’யிடம் கேட்டேவிட்டார்.

“பழையது, வளரலைன்னு ஒருத்தங்க எழுதினா என்னய்யா அர்த்தம்?”

“பழையது, வளரலைன்னு அர்த்தம்” என்றார் ஏணியின் மேலிருந்த ஆணி. “ஏணிய ஒழுங்கா பிடிங்க.”

மூன்றாம் காட்சி, கடலும் கரையும் பற்றிய ஓவியங்கள். பெட்டிகள் திறக்கப்பட்டன, ஏடுகள் விரிக்கப்பட்டன, விரித்தவர் முகம் சுண்டிப்போயிற்று. பேரூர் அருங்காட்சியகம் புதுமுறைக்கு மாறியிருந்தது. கீறல் உண்டா, இல்லையா என்று அச்சிட்ட கட்டங்களில் புள்ளியிட்டு, கீழே இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் மட்டும் இடப்பட்டிருந்தது. முப்பத்தாறு ஓவியங்களுக்கும் அப்படியே. ஒரு சொல்லேனும் கையால் எழுதப்பட்டிருக்காதா என்று கடைசி ஏட்டின் பின்னட்டை வரை அவர் புரட்டிப் பார்த்தார்.

அன்று மாலை அவர் செய்த செயலைக் குறிப்பெழுதும் குலத்தார் அன்றி வேறெவரும் செய்யத் துணியார். புதிய சேதம் ஒன்று காணப்படின், அனுப்பியவர் தம் கைப்பட விளக்கம் எழுதி அனுப்பவேண்டும் என்பது விதி. படகு கட்டும் துறையைத் தீட்டியிருந்த ஓர் ஓவியத்தின் ஏட்டை எடுத்தார், ‘வான்பகுதியின் நடுவே, நக நீளத்தில் ஒரு கீறல், புதியது’ என்று எழுதினார். அங்கே கீறல் ஏதும் இல்லை. ஒரு வரி வரும், ‘நன்கு பார்க்கவும்’ என்று சினந்தாவது ஒரு வரி வரும், அதைப் பெற்றுக்கொண்டு ‘ஒளியின் மயக்கம்’ என்று திருத்திவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பத்து நாள் கழித்து, அருங்காட்சியகத்தின் தலைவியாகிய காப்பாட்சியர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

“அந்தப் படகுப் படம் இருக்குல்ல, அதோட சொந்தக்காரர் ரொம்பக் கோவமா இருக்காராம். உங்க வீட்டம்மாவ, விசாரணை முடியறவரைக்கும் எந்தப் படத்தையும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வீட்டம்மாவே நேர்ல வந்து பாக்கப்போறாங்க, வர்ற வியாழக்கிழமை. நீங்க எழுதினது சரிதானே?”

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டிய நொடி அது. அவர் தலையை அசைத்தார். அவ்வசைவு ஆம் என்பதா இல்லை என்பதா என்று காப்பாட்சியருக்கு விளங்கவில்லை. தவளையும் தன் வாயால் கெடுமாம். இவர் கையால் கெட்டார், கெட்டதோடு மனைவியையும் கெடுத்தார்.

புதன்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நண்பகலில், ஆளற்ற கூடத்தில் அந்த ஓவியத்தின் முன் அவர் தனியே நின்றார். வெயில் தரையில் நீண்டு கிடந்தது. கையுறையைக் கழற்றினார். வலக்கைச் சுட்டுவிரலின் நகத்தை வான்பகுதியின் அருகே கொண்டுசென்றார். ஒரேயொரு கோடு, அவர் எழுதிய பொய் மெய்யாகிவிடும், இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் நிலைத்துவிடும், பழி முழுவதும் மனைவியின் தலையில் விழும். எவ்வளவு எளிது என்பதை அவர் உணர்ந்தார். கையை இழுத்துக்கொண்டு, அங்கிருந்த காவலரின் நாற்காலியில் அமர்ந்து, மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

வியாழனன்று அம்மையார் வந்தார். நரை கூடியிருந்தது, கண்ணாடி புதிது. கணவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். பிறகு கைவிளக்கை ஓவியத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விரற்கடை விரற்கடையாக வான் முழுவதையும் பார்த்தார். அருகே காப்பாட்சியர் ஏட்டோடு நின்றார். அம்மையார் விளக்கை அணைத்து, வாய் திறக்குமுன்,

“அங்க கீறல் இல்லம்மா” என்றார் கணவர். “நான் பொய் எழுதினேன்.”

“ஏன்?” என்றார் காப்பாட்சியர்.

“மூணு மாசத்துக்கு ஒருதரம் இவங்க கையெழுத்து வரும். இந்தத் தடவ வரல. வரணும்னு எழுதினேன்.”

காப்பாட்சியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வெளியே சென்றார்.

“எப்படி இருக்கன்னு ஒரு தாள்ல எழுதி அனுப்பியிருக்கலாமே” என்றார் அம்மையார். குரல் உயரவில்லை.

“எனக்குக் குறை எழுதத்தான் தெரியும்.”

“என் பேர் பத்துப் பன்னெண்டு நாளா சந்தி சிரிச்சுதுங்க. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க முன்னாடி என் மேசைய பூட்டினாங்க. தெரியுமா?”

“தெரியும். நேத்து அத நெனச்சுத்தான்…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

அம்மையார் எழுதுகோலை எடுத்து, ‘கீறல் இல்லை. முன்குறிப்பு தவறு’ என்று ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். கணவர் ஏங்கிய எழுத்து அவர் கண்ணெதிரே பிறந்தது; அதைப் படிக்கும் துணிவுதான் அவருக்கு இல்லை. வண்டி நிலையம் வரை உடன்நடந்தார். வண்டி புறப்படும் வேளையில்,

“நானும் வரட்டுமா?” என்றார்.

“இத மூணு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா தனியா அந்த வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்” என்றார் அம்மையார். “இப்போ எனக்கு எதுவும் சொல்லத் தெரியல. எழுதுங்க. பாக்கலாம்.”

ஏடுகளைத் தொடும் உரிமை கணவரிடமிருந்து பறிக்கப்பட்டது. நான்காம் காட்சிக்கான பெட்டிகளைப் புதிதாக வந்த ஒருவர் திறக்க, பூதக்கண்ணாடி என்ற பெயரையும் இழந்து, ஆணியின் ஏணியைப் பிடிக்கும் பணியை அவர் ஏற்றார். கிழமைக்கு ஒரு மடல் எழுதினார். முதல் மடலில் மழையைப் பற்றி எழுதினார். அடுத்ததில் கூரை ஒழுகுவதை எழுதினார். மூன்றாவதைப் படித்துப் பார்த்தால் அதுவும் வீட்டின் நிலைக்குறிப்பாகவே இருந்தது. அடித்தார், திருத்தினார், ஒரே மடலை ஐந்துமுறை படியெடுத்தார், விரும்பிய சொல் வாராமல் நாணினார், ஆயினும் அனுப்பினார். எட்டு மடல்கள் சென்றன. விடை வரவில்லை.

காட்சி முடிந்து, சுவர்கள் வெறுமையாகி, பெட்டிகளை வண்டியில் ஏற்றிய அன்று, அவர் பெயருக்கு ஓர் உறை வந்தது. அதே சாய்வெழுத்து. ஏணியின் கீழ்ப்படியில் அமர்ந்து பிரித்தார்.

‘எட்டு மடல்களும் கிடைத்தன. ஏழாவதை மட்டும் நம்பினேன். அதுபோல் எழுத முடியுமானால் இன்னும் எழுதுங்கள்.’

ஏழாவது மடலில் என்ன எழுதினோம் என்று அவர் நினைத்துப் பார்த்தார். மற்ற ஏழு மடல்களையும் வரி பிறழாமல் ஒப்புவிப்பார். ஆனால் அந்த ஒன்றை, அஞ்சலகம் மூடும் நேரத்தில், நின்றவாக்கில், பிறர் எழுதுகோலை இரவல் வாங்கி, எழுதியதைத் திரும்பிப் பாராமலே ஒட்டிக் கொடுத்திருந்தார். தொட்ட ஓவியம் ஒவ்வொன்றின் குறிப்புக்கும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படியெடுத்து வைத்தவரிடம் அதற்கு மட்டும் படி இல்லை. ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

அன்பரே, நெஞ்சு ஒருமுறை தன்னை மறந்து உரைத்ததை மறுமுறை முயன்று உரைத்தல் அரிது. உரைக்கும் வரை உறக்கமும் அரிது. அவர் புதிய தாள் ஒன்றை எடுத்தார். ஏணியின் மேலிருந்து ஆணி கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.